1967 இல்தான் வாக்குரிமை கிடைத்ததா?

அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களுக்கு எப்போது வாக்குரிமை கிடைத்தது என்று கேட்டால், பிள்ளைகள் பலர் "1967" என்பார்கள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் நம்புகிறோம். அது பிழையான விடை. ஆனால் வகுப்பில் பேசுவதற்கு நல்ல இடம்.

1902 ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளைக்காரப் பெண்களுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைக் கொடுத்தது. அதே சட்டம் பழங்குடியினரையும், ஆசிய, ஆபிரிக்கச் சுதேசிகளையும் விலக்கியது. மாநில வாக்கை ஏற்கனவே பெற்றிருந்த சிலருக்கு மட்டுமே விதிவிலக்கு. சனத்தொகைக் கணக்கில் பழங்குடியினரைச் சேர்க்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 127 ஆம் பிரிவும் சொன்னது.

மேற்கு அவுஸ்திரேலியாவில் 1944 இல் வந்த சட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேண்டுமா? நீதவான் முன் விண்ணப்பிக்க வேண்டும். மிக நெருங்கிய இரத்த உறவுகள் தவிர, தம் இனத்தாருடனான தொடர்பை இரண்டு வருடங்களுக்கு முன்பே விட்டிருக்க வேண்டும். கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பறிக்கவும் முடியும். சொந்த மண்ணில் பிரஜையாவதற்கு மாமி, மச்சானைக் கைவிட வேண்டிய நிலை! அந்த மக்கள் இப்படியான அட்டைகளை "நாய்ப் பட்டி" என்று கசப்போடு அழைத்தார்கள்.

1949 ஜனவரி 26 இல் ஏனையோரைப் போல அவர்களும் அவுஸ்திரேலியப் பிரஜைகளானார்கள். ஆனாலும் எல்லோருக்கும் வாக்கில்லை. படையில் சேவை செய்தவர்களுக்கும் மாநில வாக்குரிமை இருந்தவர்களுக்கும் அவ்வருடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு 1962 இல்தான் கிடைத்தது. கடைசி மாநிலமான குயின்ஸ்லாந்து தன் தேர்தல்களில் 1965 இல் அனுமதித்தது. 1967 சர்வஜன வாக்கெடுப்பில் 90 வீதத்துக்கும் அதிகமானோர் ஆம் என்றனர். அதனால் 127 ஆம் பிரிவு நீங்கியது. அவர்களுக்காகச் சட்டமியற்றும் அதிகாரம் மத்திய பாராளுமன்றத்துக்கும் கிடைத்தது. ஏனையோரைப் போல இடாப்பில் பதிவது கட்டாயமானது 1984 இல்.

பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் ஒன்றாக வருவதில்லை. ஒன்றாக நிலைப்பதும் இல்லை. நமது நாட்டில் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாகி, அடுத்த வருடம் வாக்கையும் இழந்ததை இதனோடு சேர்த்துப் படிப்பித்தால், பிள்ளைகளுக்கு இது தூரத்து நாட்டுக் கதையாகத் தெரியாது.

பெற்றோர்களே, அடுத்த முறை தேருநர் இடாப்புப் படிவம் வீட்டுக்கு வரும்போது, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரப்புங்கள். அதில் ஒரு பெயரைப் பதிய எத்தனை பேர் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிக் கொடுப்போம்.