தோட்டத்துப் பள்ளியும் ரோத்தானும்

மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் பொழுது விடியும் முன்பே பெரட்டு, அதாவது வேலையாட்களின் அணிவகுப்பு, கூடிவிடும். கங்காணி பெயர் கூப்பிடுவார், கணக்கரான கிராணி வருகைப் பதிவேடான செக்ரோலில் குறித்துக்கொள்வார், பிந்தி வந்தவர் அன்றைய கூலியை மறந்துவிட வேண்டியதுதான். பெற்றவர்கள் வாளியும் உளியுமாக நிரைக்குப் போன பின், அதே தோட்டத்தின் இன்னொரு மூலையில் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். வாத்தியார் நகத்தைப் பார்ப்பார், தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு பெயர் வாசிப்பார். இரண்டு வரிசைக்கும் முதலாளி ஒருவரே. பள்ளியின் ஒழுங்கு பெரட்டின் ஒழுங்கைப் போலவே இருந்ததில் வியப்பில்லை.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். 1909-இல்தான் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. ஆனாலும் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் சுற்றுவட்டாரத்தில் எழுந்த பள்ளிகளும் அதே அச்சுதான். கட்டடம் கம்பெனியுடையது, வாத்தியாரை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் வெள்ளைக்கார நிர்வாகியான துரை. அந்த வகையில் அவை கட்டணம் வாங்காத தனியார் பள்ளிகள். பள்ளியின் உரிமையாளர்களில் பலர் லண்டனில் இருந்தார்கள். பள்ளி என்று ஒன்று தங்களுக்கு இருப்பதே அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அபூர்வம். கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பல தோட்டங்களில் வாத்தியாராகிவிடுவார். காலையில் ஆளை விரட்டிய அதே குரல், கொஞ்ச நேரம் கழித்து வாய்ப்பாடு சொல்லச் சொல்லும். ஊரிலிருந்து வந்தவர்கள் திண்ணைப் பள்ளியின் வழக்கங்களையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள்: வாத்தியார் இல்லாதபோது வகுப்பை ஆளும் சட்டாம்பிள்ளை, தோப்புக்கரணம், வெயிலில் முட்டி போடுவது. பிள்ளைகளின் வருகையைப் பொறுத்தே அரசாங்க மானியம் கிடைத்ததால், வராத பிள்ளையைத் தேடித் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஆள் போகும். பிள்ளையோ அப்பாவுக்கு உதவியாக ரப்பர் பால் பிடிக்கும் மங்கு துடைத்துக்கொண்டோ ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டோ இருக்கும். அடி மட்டும் பிள்ளைக்கு. மங்கு துடைக்க ஆள் தேவைப்பட்டது யாருக்கு என்ற கேள்வி வகுப்பறைக்குள் வராது.

பிரம்பைத் தோட்டத்தில் யாரும் பிரம்பு என்று சொல்வதில்லை, ரோத்தான்தான். அதன் பயணம் சுவையானது. இந்தப் பக்கத்துக் காடுகளில் விளைந்த கொடி கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கே பள்ளி மாணவர்களின் முதுகுக்கும் உள்ளங்கைக்கும் பயன்பட்டது. அந்தப் பள்ளிகளில் அடி வாங்கி வளர்ந்தவர்களில் சிலர் துரைகளாகக் கப்பலேறி இங்கே வந்தார்கள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்படி 1987-இல் நின்றது. தனியார் பள்ளிகளுக்கு அந்தத் தடை வர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

பெரியவர்களுக்கும் நடத்தை விதிகள் இருந்தன. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்த தோட்ட வேலைநிறுத்தத்தில், அந்த வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்ற மூன்றும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றன. சைக்கிளும் சிலேட்டும் ஒரே வழக்கின் இரண்டு சாட்சிகள் என்பதைத் தொழிலாளர்கள் சரியாகவே கண்டுகொண்டிருந்தார்கள்.

பிறகு ஜப்பானியர் ஆட்சி. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் வந்ததும் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சிறுவர்களுக்கென்று பாலர் சேனையும் இருந்தது. நிமிர்ந்து நிற்கவும் அடி பிசகாமல் நடக்கவும் தோட்டத்துப் பையன்கள் கற்றுக்கொண்டது, முதல் தடவையாக, துரைக்குப் பணிந்து நிற்பதற்காக அல்ல.

அந்தப் பழக்கம் போர் முடிந்தும் போகவில்லை. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் உருவான தொண்டர் படை கெடாத் தோட்டங்களில் பரவியது. கையில் கம்போடு அணிவகுப்பு, கள்ளுக்கடை மறியல், குடித்துவிட்டு லயத்தில் ரகளை செய்பவரைப் பிடித்து நிறுத்தி விசாரணை. இந்த விசாரணைகளில் முரட்டுத்தனம் இல்லாமல் இல்லை. சட்டாம்பிள்ளையின் வாடை அதிலும் அடித்தது. ஆனால் நிர்வாகத்தை அச்சுறுத்தியது முரட்டுத்தனம் அல்ல. இதுவரை தோட்டத்தில் ஒழுங்கு என்றால் துரை வைத்ததுதான். இப்போது தொழிலாளி தானே ஒன்றை வைத்தான். 1947-இன் தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீஸ் தடியடி நடத்தி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் பலர் கைதானார்கள். 1948-இல் அவசரகாலம் வந்தது. தொண்டர் படைக்கு அதன் பிறகு இடமில்லை.

ஐம்பதுகளில் அந்த வேகம் சாந்தமான வழியில் திரும்பியது. கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' நாளிதழ் வளர்த்த மாணவர் மணிமன்றம் பிள்ளைகளை எழுதவும் மேடையேறிப் பேசவும் பழக்கியது. அதன் வழியில் வந்த மணிமன்றங்கள் தோட்டங்களுக்கும் வந்தன. மேடையில் கைகட்டி நிற்காமல் பேசுகிற பையனை வாத்தியார்கள் சிலர் முதலில் விரும்பவில்லை என்றால் அதுவும் இயல்புதான்.

1957-இல் சுதந்திரம் வந்தபோது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள். 1959-இல் வெளியான பள்ளி ஒழுங்கு விதிகள் பிரம்படிக்கு எல்லை போட்டன: அடிக்கும் உரிமை தலைமையாசிரியருக்கும் அவர் அனுமதித்தவருக்கும்தான், பெண்பிள்ளைகளை அடிக்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் விதிகளும் பெண்பிள்ளைகளைப் பொறுத்து அதையே கூறின. காகிதத்தில் இப்படி, லயத்தில் வேறு. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க சார்" என்று பிள்ளையை ஒப்படைத்த அப்பாக்களுக்கு எந்த விதியும் தெரியாது. அது கொடுமைக்குக் கொடுத்த அனுமதி என்று மட்டும் படித்தால் பாதிதான் சரி. படிப்பு ஒன்றுதான் பால்மரக்காட்டை விட்டு வெளியேறும் வழி என்று நம்பியவர்களின் பதற்றமும் அதில் இருந்தது.

1970-இல் ருக்குன் நெகாரா வந்ததும் ஒழுக்கம் தேசியக் கோட்பாடு ஆயிற்று. அதன் ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பற்றியது. வாராந்திரச் சபைகூடலில் பிள்ளைகள் அதை உரக்கச் சொல்லிப் பழகினார்கள். சபைகூடலில் காலணி சோதனையும் நடக்கும். செம்மண் சாலையில் நடந்து வரும் பிள்ளைக்கு வெள்ளைக் காலணி கட்டாயம் என்று விதித்தவர் தோட்டத்தைப் பார்த்தவராக இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழுவி, வெள்ளைப் பூச்சு அடித்து வெயிலில் காயவைத்தால், திங்கள் காலை பள்ளி வாசலை எட்டும்போது பாதி சிவந்திருக்கும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தன. பள்ளிகள் சிலவும் பின்னாலேயே போயின. கறுப்புக் காலணிக்கு மாறலாம் என்று கல்வி அமைச்சு 2018-இல் அறிவித்து, 2021-இல் அதைக் கட்டாயமாக்கியது. அதற்குள் செம்மண் சாலைகள் பலவற்றில் தார் போட்டாகிவிட்டது.