தங்காத பிள்ளையின் பரம்பரை

உறவுகளே, வீட்டில் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெற்றோர் விபரத்தோடு, பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். தந்தை இலங்கையில் பிறக்காதவர் என்றால் பூட்டனாரையும் கேட்கும். பச்சைக் குழந்தையின் பிறப்பைப் பதிய பூட்டன் எதற்கு?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் படித்தால் விளங்கும். அதற்கு முன் இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பத்திரம் காட்ட எத்தனை பேரால் முடிந்தது? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்குத்தான். இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்களும் அதே வரிசையில்தான் நின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் வட்டகொடைப் பக்கத்தில் பரம்பரை தேடுகிற பிள்ளைகள் உயிரோடிருந்த பெரியவர்களின் பத்திரங்களையே தேடுகிறார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் பலருடைய பத்திரங்கள் அவர்களோடு கப்பலேறிவிட்டன. சிறுவயதில் மௌத்தான பிள்ளையை யாரும் தேடுவதில்லை. ஆனால் தோட்டத்தில் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் பதிவுக்கு அறிவிப்பது தோட்டத் துரையின் சட்டக் கடமை. எனவே சில நாட்களே வாழ்ந்த பிள்ளைக்கும் பதிவு இருக்க வாய்ப்புண்டு. பெயர் வைக்குமுன் இறந்திருந்தால் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கலாம். ஆனால் தாயும் தகப்பனும் யார், எந்தத் தோட்டம், எந்தத் திகதி என்பது கிடைக்கும்.

1912இல் டைட்டானிக் மூழ்கியபோது கடலிலிருந்து எடுத்த ஒரு குழந்தையைக் கனடாவின் ஹலிஃபாக்ஸில் 'அறியப்படாத குழந்தை' என்று அடக்கம் செய்தார்கள். 2002இல் மரபணுச் சோதனை 13 மாத ஃபின்லாந்துப் பிள்ளை என்றது. ஆனால் அந்தக் குழந்தையின் சப்பாத்து அந்த வயதுக்குப் பெரிதாக இருந்தது. மறுபடி தேடி, 19 மாத ஆங்கிலேயப் பிள்ளை சிட்னி குட்வின் என்று 2007இல் உறுதிசெய்தார்கள். அதற்கு உதவியது தாய்வழி உறவின் மரபணு. நம் பத்திரமோ பாட்டன், பூட்டன் என்று தந்தைவழியை மட்டுமே கேட்டது. ஆகவே தாயின் பெயரைத் தவறாமல் குறித்து, அவள் பிறந்த தோட்டத்தையும் தேடுங்கள்.

இந்த விடுமுறையில் பாட்டியிடமோ உம்மம்மாவிடமோ பேசுங்கள். "பெத்தது ஏழு, தங்கினது நாலு" என்பார்கள். நாம் நாலு பேரைப் பற்றியே கேட்டுப் பழகிவிட்டோம். மற்ற மூன்று பிள்ளைகள் எந்தத் தோட்டத்தில், எந்த வருஷத்தில் பிறந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த விபரத்தோடு பிரதேச செயலகத்தில் பதிவேட்டைத் தேட விண்ணப்பிக்கலாம். நம்மவர்கள் இந்த மண்ணில் எப்போதிலிருந்து இருக்கிறார்கள் என்பதற்கு, சில குடும்பங்களில் அந்தப் பிள்ளையின் பதிவுதான் மிகப் பழைய சாட்சியாக இருக்கும்.