ஒன்றரையடிக் காம்பு

கலிபோர்னிய வயல்களில் மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களிடம் ஒன்றரையடிக் காம்புள்ள களைக்கொத்தைத்தான் கொடுத்தார்கள். நாள் முழுக்கக் குனிந்தே களையெடுக்க வேண்டும். நிமிர்ந்தவர் உடனே கங்காணியின் கண்ணில் படுவார். 1935-இன் அமெரிக்கத் தொழிலுறவுச் சட்டமோ விவசாயக் கூலிகளுக்குச் சங்க உரிமை தராமல் ஒதுக்கியிருந்தது.

1966-இல் தொடங்கிய கலிபோர்னிய ஊரகச் சட்ட உதவி அமைப்பு இவர்களுக்காகக் கட்டணமின்றி வாதாடியது. கருவியில் பழுதில்லையே, பிறகென்ன ஆபத்து என்றது தொழில் பாதுகாப்புத் துறை. முதுகெலும்பு பாழாகிறது என்றார்கள் மருத்துவர்கள். 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் துறையின் வாதத்தைத் தள்ளியது. அந்த ஆண்டே குட்டைக் காம்பு ஒழிந்தது.

குனியவைத்தே வேலைவாங்கும் ஆதிக்கத்தை நாம் அறிவோம். 1987-இன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. அதைக் கேட்டு வாங்குவோம்.