கடலின் மேல் ஒரு நாற்சந்தி

நெரிசல் மிகுந்த நகரத்து நாற்சந்தியில் ஒரு பக்கத்து வண்டிகள் போக வேண்டுமானால் மறுபக்கத்து வண்டிகள் நின்றாக வேண்டும். இதே தகராறு பாம்பனில் கடலின் மேல் நடக்கிறது. மண்டபத்திலிருந்து இராமேசுவரம் தீவுக்கு இரயில் போக வேண்டும். பாக் நீரிணையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குக் கப்பல் போக வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடம் ஒரு குறுகிய கால்வாய்தான்.

1914 பிப்ரவரி 24 அன்று இங்கே இரயில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2 கிலோமீட்டர். தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று கொழும்புப் பயணம் எளிதாயிற்று. கப்பலுக்கு வழிவிடப் பாலத்தில் ஷெர்ஸர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி இரு இறக்கைகள் அமைத்தார்கள். ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல் எடை. இவற்றைத் திறந்தவை இயந்திரங்கள் அல்ல, மனிதக் கைகள்!

எப்படி முடிந்தது? தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எண்ணிப் பாருங்கள். அதன் அடிப்பாகம் வளைவானது. ஈர்ப்பு மையமோ வளைவின் மையத்துக்குக் கீழே இருக்கிறது. ஆகவே சாய்த்தால் நிமிர்ந்துவிடும். பாம்பன் இறக்கையின் அடியும் வளைவானதே. ஆனால் பின்புறம் எதிர் எடை வைத்து, ஈர்ப்பு மையத்தை வளைவின் மையத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இறக்கை பின்னோக்கி உருளும்போது அந்த மையம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, கிடையாக நகர்கிறது. எடையைத் தூக்கும் வேலை ஏறக்குறைய இல்லை. உராய்வையும் காற்றையும் வென்றால் போதும். நடுநிலைச் சமநிலைக்கு வகுப்பில் உருளும் பந்தையே காட்டி வந்த எனக்கு, இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அவ்வூரை நெருங்கிய பயணி இரயிலைக் கடல் விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் 126 உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி மட்டும் தப்பியது! பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில், கடலில் விழுந்த உத்திரங்களையும் மீட்டு, 46 நாட்களில் பாலத்தைச் சீராக்கினர்.

சாலை மட்டும் மண்டபத்தோடு நின்றிருந்தது. பேருந்தில் வந்தவர்கள் அங்கே இறங்கி இரயிலேற வேண்டும். 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கப்பட்ட பிறகே இந்த அவதி தீர்ந்தது. அதன் நடுப்பகுதியை உயரமாகக் கட்டியதால் கப்பலுக்காக எந்த வண்டியும் நிற்க வேண்டியதில்லை.

பழைய இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இறக்கைகள் இல்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே பகுதி, கிணற்று வாளி போல, செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. கோபுரங்களில் எதிர் எடைகள் இறங்க, அது ஏறுகிறது. இயக்குவது மின்மோட்டார்.

நெரிசல் தீர்ந்ததா என்றால், இல்லை. யாரும் நிற்க வேண்டாமென்று கட்டிய சாலைப் பாலத்தின் உச்சியில்தான் இன்று கார்களும் வேன்களும் வரிசையாக நிற்கின்றன, கீழே கப்பல் போவதைப் பார்ப்பதற்கு!