ஆம்பூர்ப் பிரியாணியும் அரசாங்க விழாவும்

ஒரு வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தோரின் மரபை அவ்வட்டாரத்தின் பெருமையாகப் பிரயாணிகளுக்குக் காட்ட அரசாங்கம் முற்படும்போது, மாண்டவர்களின் சரித்திரம் எளிதில் இசைந்துவிடுகிறது. இன்றும் அங்கே உழைத்து உண்டு வாழ்பவர்களின் மரபோ அத்தனை எளிதில் இசைவதில்லை. 1815இல் அரசிழந்து, மறு ஆண்டு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் அங்கேயே காலமான கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்குப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் எழுந்தது. திப்பு சுல்தான் குடும்பத்தாரின் சமாதிகளும் அந்நகரில் காணத்தக்கவற்றுள் சேர்ந்தன. இவற்றால் எவருடைய அன்றாட ஆசாரத்துக்கும் பங்கம் நேர்வதில்லை.

அதே வட்டாரத்து ஆம்பூரின் சங்கதி வேறு. கர்நாடக நவாபுகளின் ஆட்சியை ஒட்டித் தக்காணத்து உருது பேசுவோர் இப்பக்கத்தில் வேரூன்றினர். 1749இல் நவாப் அன்வருத்தீன்கான் போரில் மாண்டதும் ஆம்பூரில்தான். நவாபின் மடைப்பள்ளியிலிருந்து பிரியாணி ஊருக்குள் வந்தது என்பது ஐதிகம். ஐதிகம் எவ்வாறாயினும் பக்குவம் பிரத்தியட்சம்: ஊறவைத்த காய்ந்த மிளகாயை விழுதாக அரைத்துத் தயிரோடு இறைச்சியில் கூட்டி வேகவைத்து, அரைவேக்காட்டில் வடித்த சீரகச்சம்பாவை அதன்மேல் கொட்டி, மூடியின்மேல் தணல் பரப்பித் தம் போடுகிறார்கள், தொட்டுக்கொள்ளப் புளிப்பும் காரமும் ஏறிய கத்தரிக்காய். ஆனால் அரண்மனைப் பண்டம் கடைத்தெருவில் நிலைபெற வேண்டுமானால், கையில் கூலியோடு நாள்தோறும் வந்து உட்காரும் ஜனத்திரள் வேண்டும். அத்திரளைத் தந்தது தோல் பதனிடும் தொழிலே என்பது என் துணிபு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்ட தொட்டிகளில் இறங்கி உழைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். தொழிலை நடத்தியோர் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர். அவ்வணிகத்தின் பொருளால் வாணியம்பாடி, மேல்விஷாரம் போன்ற ஊர்களிலும் கல்விச் சாலைகள் தழைத்தன.

2022 மே மாதத்தில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. புவிசார் குறியீடு பெறுவதற்கு அது துணைசெய்யும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அங்கே இடமில்லை என்றானதும் கண்டனம் எழுந்தது. இது பாரபட்சமாகாதா என மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணங்காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது.

பலர் கூடும் இடத்தில் சர்ச்சைக்குரியதை விலக்குவது விவேகமே என்று நிர்வாகத்தின் சார்பில் வாதிக்கலாம். அவ்வாதம் இங்கே பொருந்தாது. இவ்வூரில் மாட்டிறைச்சி உண்போர் எங்கிருந்தோ புகுந்த பிறர் அல்லர். பிரியாணியை ஊர்ப்பண்டமாக்கிய அதே முஸ்லிம் இல்லங்களிலும் தொழிலாளர் தெருக்களிலும் உள்ளவர்கள். நவாபின் பெயரை வைத்துக்கொண்டு அவர்களுடைய தட்டை ஒதுக்கிவிட்டால், விழாவில் எஞ்சுவது சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வரிசையாகத் தொங்கும் 'ஆம்பூர்ப் பிரியாணி' என்ற விளம்பரப் பலகையை விடச் சற்றுப் பெரிய பலகை ஒன்றுதான். வேறோர் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்: சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் மாட்டுத் தொழில் போயும் எருமையின் பெயரால் ஒரு தெரு நிற்கிறது. 2015இல் இந்திய மரபுடைமை நிலையமும் அங்கே திறக்கப்பட்டது. தொழில் ஒழிந்தபின் அதைக் கௌரவிப்பதில் சங்கடம் குறைவு. ஆம்பூரிலோ தொழில் ஒழியவில்லை. வாடை உட்பட இருக்கிறது.

ஆகவே ஆம்பூரைக் காட்டப் புகுவோர் சமையற்கட்டோடு தோல் பதனிடும் 'ஷாப்'பையும் சேர்த்தே காட்ட வேண்டும். 'ஈ.ஐ. லெதர்' என்னும் தமிழகத்துத் தோலுக்குப் புவிசார் குறியீடு ஏற்கெனவே கிடைத்திருக்க, பிரியாணிக்கு மட்டும் விழா எடுப்பது விசித்திரம். அவ்வாறு காட்டும்போது பாலாற்றில் கலந்த கழிவையும் மறைக்க இயலாது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று வேலூர் மக்கள் நலச் சங்கத்தின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் விதித்த தீர்ப்பு, நவாபின் ஐதிகத்தைக் காட்டிலும் இவ்வட்டாரத்துக்கு உறுதியான சரித்திரம். பிரயாணிகளுக்கான கையேட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கத்தான் வேண்டும்.