எந்தப் படியால அளந்தீங்க?

எங்க தாத்தா நெல் வாங்கி விக்கிற ஆள். ஒரே படிதான், ஆனா குவிச்சு அளந்தா ஒரு கணக்கு, தலை தட்டி அளந்தா வேற கணக்கு. "எத்தனை படின்னு கேக்கறதுக்கு முன்னாடி எப்படி அளந்தான்னு கேளுடா" என்பார். உயிரித்தொழில்நுட்பத்தில் எந்த நாடு முதலிடம், எந்த நாடு கடைசி என்று பட்டியல் கண்ணில் படும்போதெல்லாம் தாத்தா ஞாபகம் வந்துடும். இப்படி நாடுகளை வரிசையில் நிறுத்தி அளக்கிற பழக்கத்துக்கே ஒரு கதை இருக்கு. அதைத்தான் இன்னிக்கு சொல்லப்போறேன்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு ஜப்பான் ஜுரம். காரும் போச்சு, மெமரி சிப்பும் போச்சு, அடுத்து இதுவும் போயிடுமோன்னு பயம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம்னு ஒண்ணு இருந்தது (1995ல மூடிட்டாங்க). அவங்க 1984 ஜனவரியில் ஒரு தடிமனான அறிக்கை வெளியிட்டாங்க. அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரிட்டன், ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் என்று ஆறு நாடுகளை ஒப்பிட்டு, முதலீடு, அரசு ஆராய்ச்சிப் பணம், படிச்ச ஆட்கள், காப்புரிமைச் சட்டம் என்று ஒவ்வொன்றாக அலசினாங்க. முடிவு: இப்போ முதலிடம் அமெரிக்கா, நாளைக்குப் பெரிய போட்டி ஜப்பான். காரணம்? நொதிக்க வைத்துப் பொருள் தயாரிப்பதில் ஜப்பான் கம்பெனிகளுக்குப் பழுத்த அனுபவம், கூடவே அரசாங்கத்தின் முதுகுத்தட்டல்.

நடந்தது என்ன? ஜப்பான் அமெரிக்காவை முந்தவில்லை. அறிக்கை எழுதினவங்க முட்டாள்கள் இல்லை. ஆனா கார் பந்தயத்தில் அடிவாங்கின பயமும் அந்த அளவுகோலில் கொஞ்சம் ஒட்டிக்கிட்டதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, காப்புரிமையை எண்ணிப் பார்த்தா சுலபமாச்சே என்பீர்கள். எண்ணலாம். 1973ல கோஹன், போயர் இருவரும் கலிஃபோர்னியாவில் மரபணுவை வெட்டி ஒட்டினாங்க. 1974ல விண்ணப்பம், 1980ல காப்புரிமை. அது காலாவதியான 1997 வரைக்கும் வந்த பணம் சுமார் 25.5 கோடி டாலர்.

இப்போ கேம்பிரிட்ஜுக்கு வாங்க. 1975ல மில்ஸ்டைன், கோலர் இருவரும் ஒரே மாதிரியான எதிர்ப்பொருளை சலிக்காமல் சுரந்துகொண்டே இருக்கும் செல்லை உருவாக்கினாங்க. அதுதான் மோனோகுளோனல் ஆன்டிபாடி. இன்னிக்கு புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தருகிற பல மருந்துகளுக்கு அதுதான் தாய். இருவருக்கும் 1984ல நோபல் கிடைச்சது. காப்புரிமை? கிடையாது. உடனடிப் பயன் எதுவும் தெரியலைன்னு பிரிட்டனின் அரசு அமைப்பு விட்டுட்டது. கடைசியில் மில்ஸ்டைனிடமிருந்து செல் வாங்கிப்போன ஃபிலடெல்ஃபியாக்காரங்க, இதே முறையை வைத்து 1979லயும் 1980லயும் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினாங்க. காப்புரிமைப் படியால அளந்தா கேம்பிரிட்ஜ் கணக்கில் பூஜ்யம்! கண்டுபிடிச்சவன் யார்ங்கிறதை அந்தப் படி சொல்லாது. வேலி போட்டவன் யார்ங்கிறதைத்தான் சொல்லும்.

அடுத்த குழப்பம், எந்த நாட்டுக் கணக்கில் எழுதுறது? அடாலிமுமாப் என்று ஒரு மருந்து, பல வருஷம் உலகத்திலேயே அதிகம் விற்ற மருந்துகளில் ஒன்று. ஆன்டிபாடியைத் தேடிக் கொடுத்த நுட்பம் கேம்பிரிட்ஜ் கம்பெனியுடையது. கூட்டாளி ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். 2002 கடைசியில் அனுமதி வாங்கி விற்றது அமெரிக்காவின் அபாட். மூணு நாட்டுக்காரனும் "நம்ம சரக்கு"ன்னு மார்தட்டலாம், யாரும் பொய் சொன்னதா ஆகாது.

இதை ஒழுங்குபடுத்தத்தான் ஓ.இ.சி.டி. அமைப்பு 2005ல உயிரித்தொழில்நுட்பப் புள்ளிவிவரத்துக்கு ஒரு சட்டகம் வெளியிட்டது. அதில் இருக்கிற பொது வரையறை ரொம்ப அகலம். அதை மட்டும் வெச்சுப் பார்த்தா எங்க வீட்டு இட்லி மாவும் உள்ளே வந்துடும் :-) அதனாலதான் கூடவே நுட்பங்களின் பட்டியல் ஒன்றையும் வெச்சே படிக்கணும்னு அவங்களே சொல்லிட்டாங்க. நேர்மையான ஆட்கள்.

இவ்வளவு ஏன் எனக்கு அக்கறைன்னு கேட்பீங்க. எங்க பெரியவன் பிறந்தது 1995ல. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடலாமான்னு கேட்டப்போ டாக்டர், "இறக்குமதி சரக்கு, மூணு டோஸ் போடணும்" என்று விலையைச் சொன்னார். நானும் என் மனைவியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். "அப்புறம் பாத்துக்கலாம் சார்"னு சொல்லிட்டு வந்துட்டோம். அந்த அப்புறம் வருஷக்கணக்கா இழுத்தது.

1997ல ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், மரபணு மாற்றிய ஈஸ்ட்டில் அதே தடுப்பூசியை உள்ளூரிலேயே தயாரிச்சு சந்தைக்குக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் களத்தில் இறங்க, விலை மளமளன்னு சரிஞ்சது. 1999ல சின்னவ பிறந்தப்போ விலையைப் பற்றி ஒரு பேச்சே இல்லை. டாக்டர் பாட்டுக்குப் போட்டுவிட்டார். அண்ணனுக்கும் அப்போதான் போட்டோம். நல்லவேளை, நடுவில் ஒண்ணும் ஆகலை.

அந்த ஊசியைக் காப்புரிமைப் படியால அளந்து பாருங்க. முதலில் கண்டுபிடிச்சது வெளிநாட்டில். இந்தியச் சட்டமோ 2005 வரைக்கும் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே தரலை, செய்முறைக்கு மட்டும்தான். ஆக பட்டியலில் இந்தியா எங்கேயோ அடியில். கம்பெனியும் 2009ல பிரான்சின் சனோஃபி கைக்குப் போயாச்சு, இனி அது யார் கணக்கு?

"அது காப்பிதானே, புதுமையா?" என்று என் நண்பர் ஒருத்தர் மல்லுக்கு நின்றார். கேள்வி நியாயம்தான். முதலில் கண்டுபிடிக்கிறது பெரிசு, அதை நான் மறுக்கலை. ஆனா வாங்க முடியாத ஊசி எங்க வீட்டைப் பொறுத்தவரை கண்டுபிடிக்கப்படாத ஊசிதான். எத்தனை குழந்தை கைக்குப் போய்ச் சேர்ந்ததுன்னு அளக்க ஒரு படி இருந்தா, வரிசை கொஞ்சம் மாறும்.

பட்டியலே வேண்டாம்னு நான் சொல்லலை. அளக்காம வியாபாரம் நடக்காது. அடுத்த முறை 'இந்தியா இத்தனாவது இடம்'னு செய்தி வந்தா, சந்தோஷப்படுறதுக்கும் வருத்தப்படுறதுக்கும் முன்னாடி தாத்தா கேள்வியைக் கேட்டுடுங்க: குவிச்சு அளந்தானா, தலை தட்டி அளந்தானா?