81 கோல்கள், +444: பிரட் மக்கிரிமன் எண்ட பின்வரிசை வீரர்

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில (என்.எச்.எல்.) 18 பருவங்கள், 1,222 ஆட்டங்கள். போட்ட கோல் 81. பிரட் மக்கிரிமனின் கணக்கை இப்படி மட்டும் பார்த்தால், இந்தாளை ஏன் இவ்வளவு காலம் வைச்சிருந்தவை எண்டு கேட்கத் தோன்றும். கனடாவில இருக்கிற சொந்தக்காரரோட ஐஸ் ஹொக்கி கதைச்சாலும் கிரெட்ஸ்கி, குரொஸ்பி எண்டு கோல் போடுறவையின்ர பேர்தான் வரும். விளையாட்டு வரலாறும் அநேகமாக அப்படித்தான் எழுதப்படுகிறது. அதில மக்கிரிமன் மாதிரி ஆக்களுக்கு இடம் குறைவு.

ஐஸில ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: கோல்காப்பாளர், மூன்று முன்வரிசை, இரண்டு பின்வரிசை. பின்வரிசை வீரர்கள் சோடியாகத்தான் இறங்குவினம். ஒராள் 'பக்'கை, அதாவது அந்த ரப்பர் வட்டைக் கொண்டு முன்னுக்குப் போனால் மற்றாள் பின்னுக்கு நிற்கவேணும். மக்கிரிமன் நிற்கிற ஆள்.

நிற்கிற ஆளை அளக்க 'பிளஸ்-மைனஸ்' எண்டு ஒரு கணக்கு இருக்கு. நீங்கள் ஐஸில நிற்கேக்க உங்கட அணி கோல் போட்டால் +1, வாங்கினால் -1. எதிரணிக்கு ஆள் குறைஞ்ச நேரத்தில போடுற கோல் இதில சேராது. நல்ல அணியில இருந்தால் இந்த எண் தானாகவே ஏறும் எண்டு விமர்சனம் இருக்கு, அது நியாயமான விமர்சனம்தான். ஆனால் மக்கிரிமனின் மொத்தக் கணக்கு +444. லீக்கின் முழு வரலாற்றிலும் இதைவிடக் கூட எடுத்தவர்கள் மிகச் சிலரே.

சஸ்கச்சுவான் மாகாணத்தில, பிளென்ரி எண்ட சின்ன ஊரில வளர்ந்தவர். 1979இல் பொஸ்ரன் புரூயின்ஸ் அவரை 15ஆவது ஆளாகத் தெரிவு செய்தது. 1982இல் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டு மார்க் ஹோவோட சோடி சேர்ந்த பிறகுதான் அவருடைய ஆட்டம் என்ன எண்டு தெரிய வந்தது. 1985-86 பருவத்தில கிரெட்ஸ்கி 215 புள்ளிகள் எடுத்தார். அந்தச் சாதனை இண்டைக்கும் முறியடிக்கப்படவில்லை. அதே பருவத்தில பிளஸ்-மைனஸில் முதலிடம் ஹோவுக்கு, இரண்டாமிடம் +83 உடன் மக்கிரிமனுக்கு. கிரெட்ஸ்கி இவைக்குப் பின்னாலதான்.

பிறகு கல்கரி. அங்க 1987-88இல் +48 எடுத்து லீக்கிலேயே முதலாவதாக வந்தார். அடுத்த வருசம் ஸ்டான்லி கிண்ணம். மொன்றியல் அணியை அதன் சொந்த அரங்கிலேயே தோற்கடித்துக் கிண்ணம் வென்ற ஒரே அணி அந்தக் கல்கரிதான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய முப்பதுகள். 1991இல் டெட்ரோயிட் அணிக்கு சுவீடனிலிருந்து நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் எண்ட 21 வயதுப் பொடியன் வந்தார். முதல் பருவத்தில பக்கத்தில நிற்க விட்டது மக்கிரிமனை. 1993இல் ஹார்ட்போர்ட் அணிக்கு 18 வயதில கிறிஸ் புரொங்கர் வந்தபோதும் அதே வேலை, அதே ஆள். புதியவன் முன்னுக்குப் போய்ப் பிழை விடலாம், பின்னால ஒராள் நிற்கிறார் எண்ட தைரியம்! ஹோவ், லிட்ஸ்ட்ரோம், புரொங்கர் மூன்று பேரும் பிறகு ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். மக்கிரிமன் இல்லை. அவர் பயிற்றுவிப்பாளராக வேலை தொடங்கியது 1997 எண்டு பதிவுகள் சொல்லும். நான் நினைக்கிறன் 1991 எண்டு.

1997இல் ஓய்வு பெற்ற கையோட நியூயோர்க் ஐலண்டர்ஸில உதவிப் பயிற்றுவிப்பாளர். சஸ்கற்றூன் பிளேட்ஸ் எண்ட இளையோர் அணியில இரண்டு பருவம் தலைமைப் பொறுப்பு. அதன்பின் கல்கரி, அட்லாண்ரா, டெட்ரோயிட் எல்லாவற்றிலும் திரும்பவும் உதவிதான். டெட்ரோயிட்டில லிட்ஸ்ட்ரோம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். 2011இல், 41 வயதில, சிறந்த பின்வரிசை வீரருக்கான நொரிஸ் விருதை ஏழாவது தடவையாக எடுத்தார். அந்த விருதுக்குரிய பருவத்திலும் அணியின் பயிற்றுவிப்புக் குழுவில மக்கிரிமன் இருந்தார்.

ஆனால் தலைமைப் பயிற்றுவிப்பாளராக வேணும் எண்ட ஆசை அவருக்கு இருந்தது. என்.எச்.எல்லில் அந்த இடம் கிடைக்கவில்லை. 2011 மே மாதம் ரஷ்யாவின் லோகொமோற்றிவ் யரோஸ்லாவ்ல் கூப்பிட்டது, போனார்.

செப்ரெம்பர் 7ஆம் திகதி, பருவத்தின் முதல் ஆட்டத்துக்காக அணி மின்ஸ்க் நகருக்குப் புறப்பட்டது. யாக்-42 விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி, மேலெழும்ப முடியாமல் வொல்காக் கரையில் விழுந்தது. 45 பேரில் 44 பேர் இறந்தனர், உயிர் தப்பியது விமானப் பொறியாளர் ஒருவர் மட்டும். விமானி அறையில் ஒருவரின் கால் பிரேக்கில் இருந்திருக்கிறது, அந்த வகை விமானத்தில் அவர்களுக்குப் பயிற்சியும் போதாது எண்டு விசாரணை சொன்னது. மக்கிரிமனுக்கு 52 வயது. அவருடைய உதவிப் பயிற்றுவிப்பாளர்கள் கொரோலெவ், கார்போவ்செவ் இருவரும் என்.எச்.எல்லில் ஆடியவர்கள், அவர்களும் அந்த விமானத்தில்தான்.

அந்தப் பருவம் யரோஸ்லாவ்ல் முதல்தர லீக்கில் ஆடவில்லை. டிசெம்பரில்தான் இளையவர்களை வைத்து இரண்டாம் தரத் தொடரில் திரும்ப ஐஸில் இறங்கியது. மக்கிரிமன் அந்த அணியைத் தயார்படுத்தியது ஒரு கோடைகாலம் மட்டும். லீக் ஆட்டம் ஒண்டுகூட நடக்கேல்லை.